மணிக்கட்டு முறிவு: கம்பியா, பிளேட்டா?

குடியாத்தத்தில் வாசல் கழுவும்போது வழுக்கி அம்மாவின் இடது மணிக்கட்டு முறிந்தது. நாட்டு எலும்பு வைத்தியத்துக்குப் பெயர்போன புத்தூருக்குப் போய்க் கட்டிக்கொண்டு வரலாம் என்றார் பெரியப்பா. பிளேட் வைத்தால்தான் நிற்கும் என்றார் எதிர்வீட்டுக்காரர். கடைசியில் வேலூருக்குப் போய்க் கம்பி வைத்துக்கொண்டு வந்தோம். இன்று கேட்டாலும் அம்மாவின் கைக்குக் கம்பியைத்தான் சொல்வேன்.

இழுத்துச் சரிசெய்து மாவுக்கட்டிலேயே நிற்கிற முறிவுக்கு இரண்டுமே வேண்டாம். 2022இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் 500 பேரைக் கம்பி, மாவுக்கட்டு என இரு பிரிவாக்கினார்கள். ஓராண்டு கழித்துக் கையின் செயல்பாட்டில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் கட்டு மட்டும் போட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு ஆறு வாரத்துக்குள் எலும்பு விலகி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அம்மாவின் முறிவும் கட்டில் நிற்காத ரகம்.

பிளேட் என்றால் உள்ளங்கைப் பக்கமாகக் கீறி, முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பின் மேல் தகட்டைப் படியவைத்துத் திருகுகளால் பூட்டுவது. திருகுத் தலை தகட்டிலேயே மரையோடு பூட்டிக்கொள்வதால் மெலிந்த எலும்பிலும் பிடி கிடைக்கும். கம்பிக்குப் பெரிய கீறல் கிடையாது. சி-ஆர்ம் என்கிற நேரடி எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடி எலும்பை இழுத்துச் சேர்த்து, தோல் வழியாக இரண்டு மூன்று கம்பிகளைச் செலுத்திவிட்டு மாவுக்கட்டுப் போடுவார்கள். செலவில் கம்பி வெகுவாகக் குறைவு. 2014இல் இந்த இரண்டையும் 461 பேரிடம் ஒப்பிட்ட இன்னொரு பிரிட்டன் ஆய்விலும் ஓராண்டு முடிவில் கை ஏறக்குறைய ஒன்றுதான். திறந்து பார்த்தால்தான் மூட்டுப் பரப்பைச் சேர்க்க முடியும் என்கிற முறிவுகளை அதில் சேர்க்கவில்லை. அப்படிப்பட்ட முறிவு என்றால் பேச்சுக்கே இடமில்லை, பிளேட்தான்.

ஓராண்டில் சமம் என்றால், முதல் ஆறு வாரத்தை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. பிளேட் வைத்தவர் ஓரிரு வாரத்திலேயே மணிக்கட்டை அசைக்கத் தொடங்கலாம். கம்பிக்காரருக்குக் கட்டு நனையக்கூடாது, கை தொங்கக்கூடாது, விரல்களை மணிக்கொரு தரம் மடக்கி நீட்ட வேண்டும். வலிக்கிறதென்று விரலைச் சும்மா விட்டால் எலும்பு கூடினாலும் கை இறுகிப்போகும். கம்பி நுழைந்த இடத்தில் சீழோ, கட்டுக்குள் நாற்றமோ, காய்ச்சலோ வந்தால் அன்றே ஓட வேண்டும். எங்களுக்கு வாய்த்ததோ அக்னி நட்சத்திரம். அரிப்புத் தாளாமல் அம்மா துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சியை உருவிக் கட்டுக்குள் விடப் பார்த்தார். அதன்பின் துடைப்பம் பரண் ஏறியது. விரல் பயிற்சிக்கு என் தங்கை காவல். வலது கை தப்பியிருந்ததால் சாப்பாட்டுக்கு யாரையும் எதிர்பார்க்கவில்லை. சேலை கட்டத்தான் ஆள் வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைத்தது, உள்ளே எதுவும் மிஞ்சாமல் வெளியே வந்தது. தோலுக்கு மேல் வளைத்துவிட்டிருந்த கம்பி முனையைக் குறடால் பிடித்து ஒரே இழுப்பு. மயக்க மருந்து இல்லை, ஒரு பொட்டு ரத்தம், மேலே பஞ்சு. புறநோயாளிப் பிரிவிலேயே முடிந்துவிட்டது. கட்டைவிரலின் பின்புறம் கொஞ்சம் மரத்திருந்தது. அங்கே ஓடும் தோல் நரம்பைக் கம்பி உரசினால் அப்படி ஆகுமாம்; மெல்லத் தெளிந்தது. பிளேட் பொதுவாக உள்ளேயே தங்கிவிடும். ஆனால் மூட்டின் விளிம்பைத் தாண்டி உட்கார்ந்துவிட்டால், கட்டைவிரலை மடக்கும் தசைநாரை நாளடைவில் அராவி அறுத்துவிடக்கூடும். அப்புறம் எடுக்கவும் தைக்கவும் மறுபடி அறுவை அரங்குதான்.

தனியாக வாழ்பவருக்கும், பீடி சுற்றியோ தைத்தோ பிழைக்கிறவருக்கு வேலை செய்யும் கையே முறிந்திருந்தாலும், நானே பிளேட்டைத்தான் சொல்வேன். மூன்றாவதாக, எலும்பில் ஊசிகளைச் செலுத்தித் தோலுக்கு வெளியே சட்டம் பூட்டுகிற முறையும் உண்டு; அது பெரும்பாலும் திறந்த காயத்துக்கும் நொறுங்கிய எலும்புக்கும்தான். அதை நான் அருகிலிருந்து பார்த்ததில்லை.

எதைத் தேர்ந்தாலும், ஐம்பதைக் கடந்த பெண் நின்ற நிலையிலிருந்து விழுந்தே மணிக்கட்டு முறிந்தது என்றால், எலும்பு அடர்த்திப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.