சாடிச்செடி தின்னும் இராக்கள்ளரும் 1,850 ரூபாய் ஹெட் லைட்டும்

கிளிநொச்சியில் மின்சாமான் விற்கிற ஒரு கடையில் வாங்கிய ஹெட் லைட் இது. விலை 1,850 ரூபாய். பெட்டியில் கம்பனிப் பெயர் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வெள்ளை, சிவப்பு, ஊதா என்று மூன்று வெளிச்சம், சார்ஜ் போடலாம், தலைக்குப் பட்டி. எங்கள் பக்கத்தில் இதை வயலில் பன்றிக் காவலுக்கு வாங்குவார்கள், இல்லாவிட்டால் குளத்தில் மீன் பிடிக்க. நான் வாங்கியது என் சக்குலன்ட் (இலையிலும் தண்டிலும் தண்ணீர் சேர்த்து வைக்கிற தடித்த செடி) சாடிகளுக்கு. இரவில் முற்றத்தில் குனிந்து திரிந்ததைக் கண்ட அயல்வீட்டு ஐயா, "என்ன பிள்ளை, முயல் வேட்டையோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டார்.

விஷயம் இதுதான். விடிய எழும்பிப் பார்த்தால் பத்துமணிப்பூ மொட்டையாய் நிற்கும், அடீனியத்தில் இலைக்குப் பதில் காம்புதான் இருக்கும். தின்றவரைப் பகலில் காணக் கிடைக்காது. யாரைக் கேட்டாலும் "மருந்தடியுங்கோ" என்பார்கள். புழுவுக்கு அடிக்கிற மருந்தை நத்தை கணக்கெடுக்காது, எலி அதைவிட. ஆளைக் கண்டபிறகுதான் மருந்துக் கதை. அதற்கு இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும்: ஒன்று சாடியைத் தூக்க, மற்றது இலையை விலக்க. போன் வெளிச்சத்தோடு இந்த வேலை சரிவராது.

முதலில் வெள்ளை வெளிச்சம். மாரியில் இதில் அகப்படுகிற முதல் ஆள் ஆபிரிக்க ராட்சத நத்தை. 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்குள் வந்த சாமான், ஒரு தடவையில் 100க்கு மேல் முட்டை போடும். கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு எங்காவது கல்லுக்கடியில் கிடக்கும்; ஐப்பசி மழை விழுந்ததும் வளவெல்லாம் இறங்கிவிடும். கிட்டப்போய்ப் பார்த்தால் இலையைக் கடிக்காது, சுரண்டும். தடித்த இலையில் மேல்தோல் போய், ஈரமான பச்சைச் சதை குழியாய்த் தெரியும். ஓடில்லா நத்தையும் அதே மாதிரித்தான்.

இங்கே ஹெட் லைட்டுக்கு ஒரு குறை உண்டு. தலையில் கட்டியபடி நேரே பார்த்தால் நத்தை போன தடம் தெரியாது. லைட்டைக் கழற்றி, சாடி விளிம்போடு சாய்த்துப் பிடித்தால்தான் காய்ந்த சளிக்கோடு வெள்ளியாய் மின்னும். எந்த ஹெட் லைட்டுக்கும் இது பொருந்தும், ஆனால் இதன் பட்டியைக் கழற்றி மாட்டுவது பெரிய கரைச்சல். இன்னொன்று, முதல் மழைக்குப் பிறகு வெள்ளையைப் போட்டால் ஈசல் எல்லாம் முகத்துக்குத்தான் வரும். வாயைத் திறக்க முடியாது.

நான் கொடுத்த காசுக்குப் பெறுமதி சிவப்பில்தான் இருக்கிறது. பூச்சிகளுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளை பட்டதும் பொத்தென்று மண்ணில் விழுந்து ஒளிக்கிற வண்டு, சிவப்பில் தன்பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். ஈசலும் மொய்க்காது. அடீனியத்தை மொட்டையாக்கியவரை இதில்தான் பிடித்தேன்: விரல் தடிப்பில் பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் இரண்டு கண் போல நீலப் புள்ளி, வாலில் சின்னக் கொம்பு. அலரியிலும் நந்தியாவட்டையிலும் வருகிற அதே புழு. அலரியும் அடீனியமும் ஒரே குடும்பம், பால் நஞ்சு என்றாலும் இதற்கு ஒன்றும் செய்யாது. சிவப்பில் நிறம் பிரித்தறிய முடியாது, ஆளைக் கண்டதும் ஒருக்கால் வெள்ளைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். சாடிக்கடியில் மிளகளவு கறுத்த எச்சம் கிடந்தால் மேலே புழு இருக்கிறது என்று நம்பித் தேடலாம். தண்டு மண்ணோடு அறுந்து விழுந்திருந்தால் மேலே தேடிப் பிரயோசனமில்லை. மண்ணைக் கிண்டினால் வெட்டுப்புழு சுருண்டு கிடக்கும்.

ஊதாதான் ஏமாற்று. பெட்டியில் 395 (வெளிச்சத்தின் அலைநீளம், நனோமீற்றரில்) என்று போட்டிருக்கிறது, புழு எல்லாம் பச்சையாய் ஒளிரும் என்று படமும் இருக்கிறது. சில புழு ஒளிர்வது உண்மைதான். ஆனால் இந்த மலிவு லைட்டில் வெளிச்சமே ஊதாவாய்க் கொட்டுவதால் அந்த ஒளிர்வு அமுங்கிப்போகிறது. நத்தை ஒளிரவே இல்லை. கொடியில் கிடந்த வேட்டி என்னவோ பளபளத்தது, சவர்க்காரத் தூளில் சேர்க்கிற வெளுப்புச் சாமானின் வேலை. ஒரேயொரு நன்மை தேள். கல் அடுக்கில் இருந்த தேள் இளம்பச்சையாய் எரிந்ததைக் கண்டபிறகு நான் அந்தக் கல்லில் கை வைப்பதில்லை.

எலிக்கு எந்த வெளிச்சமும் உதவாது, ஆள் வரும் சத்தத்திலேயே ஓடிவிடும். கோடையில் தண்ணீருக்காகக் கற்றாழையைக் கொறிக்கும். கடித்த இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பல் தடம் இருக்கும். அதைப் பகலில் பார்த்தாலே போதும்.

சார்ஜ் போடும் ஓட்டையின் றப்பர் மூடி மழைக்கு முன்பே கழன்றுவிட்டது. கடையில் கேட்டால், "அது அப்பிடித்தான் வாறது". இப்போது இன்சுலேசன் ரேப் சுற்றியிருக்கிறேன். பற்றரி இறங்குவதற்கு முன்னறிவித்தல் இல்லை, திடீரென்று அணையும். புடையனும் விரியனும் திரிகிற நேரத்தில் இது விளையாட்டில்லை. எந்த லைட் என்றாலும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

நத்தையை வெறுங்கையால் எடுக்க வேண்டாம். மூளையைப் பாதிக்கிற ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். ஷொப்பிங் பையைக் கையில் மாட்டி எடுத்து, உப்புத் தண்ணீர் வாளிக்குள் போடலாம். உப்பைச் சாடிக்குள் தூவினால் நத்தையோடு செடியும் போய்விடும். நத்தைக்கு விற்கிற குருணை மருந்தில் மெற்றல்டிஹைட் இருந்தால் நாய் வளர்க்கிற வீட்டில் வைக்கவே கூடாது.

வாங்கலாமா என்றால், இதை வேண்டாம். வெள்ளையும் சிவப்பும் மட்டும் உள்ளது அதே கடையில் 1,200 ரூபாய்க்குக் கிடந்தது. அதை எடுங்கள்.