இரவெல்லாம் கம்பிகளோடு: ஒரு பால்வெட்டுக்காரரின் உறக்கப் பரிசோதனை அனுபவம்

களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு தங்கி உறக்கப் பரிசோதனை செய்துகொண்டேன். கட்டணம் 9,500 ரூபாய். உறக்கத்தை அளக்க உடம்பில் கம்பி பொருத்திய பெண்ணின் வேலைக்கும், முடிவை விளக்கிய மருத்துவரின் பொறுமைக்கும் முழு மதிப்பெண் தருவேன். இரவில் எழுந்து வேலைக்குப் போகிறவர்களின் நேரத்தைக் கணக்கிலேயே எடுக்காத அவர்களுடைய ஏற்பாட்டுக்குப் பாதிகூடத் தர மனமில்லை.

குமரி மாவட்டம் அருமனைப் பக்கம் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. நானே பால் வெட்டுகிறேன். விடியும் முன் மரப்பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏறி இலைவழியே நீர் ஆவியானால் அழுத்தம் தணிந்து பால் குறையும். அதனால் இரண்டரை மணிக்கே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவேன். சில மாதங்களாக அந்த எழும் நேரத்தில்தான் தொல்லை. கண் திறந்திருக்கும், கூரை தெரியும், மனைவி புரண்டு படுப்பது கேட்கும். விரலை அசைக்க முடியாது. நெஞ்சின்மேல் யாரோ குந்தியிருப்பான். அமுக்குவான் பேய் என்று சொல்லி அம்மா கையில் கயிறு கட்டினார். தெரிந்தவர்கள் மருந்துக்கடையில் உறக்க மாத்திரை வாங்கச் சொன்னார்கள். என்னை மருத்துவமனைக்கு அனுப்பியது மனைவி சொன்ன வார்த்தைதான்: “குறட்டைக்கு நடுவே உங்களுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. திரும்ப வருகிற வரைக்கும் நான் எண்ணிக்கொண்டே படுத்திருக்கிறேன்.”

உறங்குகிறவனுக்குத் தன் உறக்கத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இந்தப் பரிசோதனையின் பெறுமதியும் அதில்தான் இருக்கிறது.

அந்தப் பெண் முடியை வகிர்ந்து, பசை வைத்து, தலையில் ஒவ்வொரு கம்பியாக ஒட்டினார். கண்ணோரங்களில், தாடையில், இரண்டு கெண்டைக்கால்களின் முன்பக்கம், எல்லா இடத்திலும் கம்பி. மார்புக்கும் வயிற்றுக்கும் பட்டைகள், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவி. ஒவ்வொன்றும் எதற்கு என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். “கனவு உறக்கத்தில் கண் அங்குமிங்கும் ஓடும் அண்ணா, தாடைத் தசை தளர்ந்துவிடும். இந்த இரண்டும் இல்லாமல் அதைப் பிடிக்க முடியாது.” உறக்கத்தில் கண் ஓடுவதை 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் அறிவித்தார்கள் என்று பிறகு படித்தேன். பக்கத்து அறையிலிருந்து ஒலிபெருக்கி வழியே “இடது பக்கம் பாருங்கள், பல்லைக் கடியுங்கள், மூச்சை அடக்குங்கள்” என்று சொல்லி, எல்லாக் கம்பியும் பேசுகிறதா என்று சரிபார்த்த பிறகே விளக்கை அணைத்தார்.

அணைத்தபோது மணி பத்தரை. என் வீட்டில் எட்டரைக்கே உறங்கிவிடுவேன். அந்த இரண்டு மணி நேரமும் குழல்விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தேன். இரவு வெளிச்சம் உடம்பில் உறக்கத்துக்குத் துணைசெய்யும் மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும் என்று சொல்லித் தருகிற இடத்திலேயே இப்படி! இரண்டரைக்கு விழித்துவிட்டேன், ஐந்து மணி வரை படுத்திருக்கச் சொன்னார்கள். ஆழ்ந்த உறக்கம் இரவின் முன்பகுதியிலும், கனவு உறக்கம் பெரும்பாலும் விடியலை ஒட்டியும் வரும். என்றால் அவர்கள் பதிவு செய்தது என்னுடைய வழக்கமான இரவை அல்ல. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டதற்கு “எல்லோருக்கும் ஒரே நேரம்தான்” என்றார்கள். கேரள எல்லையின் இந்தப் பக்கம் பால்வெட்டுகிறவர்கள், தூத்தூர் கடற்கரையில் தொழிலுக்குப் போகிறவர்கள், இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவர்கள், இரவுப்பணி செவிலியர்கள் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்! உதவி மிகவும் தேவைப்படுகிறவர்களும் இவர்கள்தான்.

முடிவைச் சொல்ல இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அதில் ஒரு நாள் பால்வெட்டு போனது. ஆனால் மருத்துவர் கணினித் திரையைத் திருப்பிவைத்துக் கோடு கோடாகக் காட்டினார். மணிக்கு 22 தடவை மூச்சுத் தடைபடுகிறது. 15 முதல் 30 வரை நடுத்தரமாம். மல்லாந்து படுக்கும்போதும், கனவு உறக்கத்தில் தொண்டைத் தசை தளரும்போதும் அது கூடுகிறது. அமுக்குவானையும் அவர் சிரித்து ஒதுக்கவில்லை. கனவைக் கண்டபடி உடம்பு எழுந்து ஓடாமல் இருக்கத்தான் மூளைத்தண்டு தசைகளைக் கட்டிவைக்கிறது. சில நேரம் அந்தக் கட்டு அவிழும் முன்பே நினைவு திரும்பிவிடும். அப்போது கனவின் மிச்சம் விழித்த கண்ணுக்கு முன்னால் நிற்கும். விலாத்தசைகளும் தளர்ந்திருப்பதால் ஆழமாக மூச்சிழுக்க முடியாது. அந்தத் திணறல்தான் நெஞ்சின்மேல் பாரமாகத் தெரிகிறது. குறையுறக்கமும், நேரம் மாறும் உறக்கமும், மல்லாந்து படுப்பதும் இதற்கு வழிவிடும் என்றார். என்னிடம் இவை எல்லாமே இருந்தன.

மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அல்பிரஸோலம் போன்றவை தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும், ஆழ்ந்த உறக்கத்தைக் குறைக்கும், பழகிய பிறகு திடீரென்று நிறுத்தினால் உடம்பு திருப்பி அடிக்கும் என்று அழுத்தமாகச் சொன்னார். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. 2014 முதல் கடைக்காரர் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். சாராயமும் அப்படியே: சீக்கிரம் உறங்க வைக்கும், பின்னிரவை உடைத்துவிடும். நான் மாலை நாலு மணிக்குக் குடிக்கும், பால் சேர்க்காத கட்டஞ்சாயாவையும் விடவில்லை. அதிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும் என்றார்.

இப்போது மூக்கு வழியே காற்றைச் செலுத்தும் சீபேப் கருவியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் வெளியிட்ட முறை; காற்றழுத்தத்தால் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்கிறது. மூக்கில் தடம் விழுகிறது, சத்தமும் பழக நாளாயிற்று. மனைவி எண்ணுவதை விட்டுவிட்டு உறங்குகிறாள். அதற்கே அந்தக் கட்டணம் தகும். காற்றும் மழையும் வந்தால் எங்கள் பக்கம் மின்சாரம் போய்விடும், தனி பேட்டரி வேண்டும். அதை மருத்துவமனை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அறிக்கையும் முழுக்க ஆங்கிலம். தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கச் சுருக்கமாவது தரலாம்.

போகிறவர்கள் தலையில் எண்ணெய் வைக்காமல் போங்கள், பசை ஒட்டாது. நீங்கள் வழக்கமாக எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று பதிவுசெய்யும்போதே சொல்லி, அந்த நேரத்தையே கேளுங்கள். நாலைந்து பேர் கேட்டால், மாலை ஏழு மணிக்கே கம்பி பொருத்த ஓர் ஆளை அவர்கள் போட்டுத்தான் ஆக வேண்டும்.