வலி போய்விட்டதே என்று நம்பி ஏமாந்தேன்: ரூட் கெனால் செய்யப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஒரு நாள் காலை பல் துலக்கும்போது மேல் ஈறில் சின்னதாக ஒரு கொப்புளம் நாக்கில் தட்டுப்பட்டது. குண்டூசித் தலை அளவுதான். வலி இல்லை. விரலால் அழுத்தினால் லேசாக உப்புக் கரித்தது. எட்டு மாதத்துக்கு முன் ரூட் கெனால் செய்து கேப் போட்ட கடைவாய்ப்பல்லுக்கு நேர் மேலே இருந்தது அது. வாய்ப்புண்ணாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் மறைந்தது. பத்தாவது நாள் அதே இடத்தில் மறுபடி வந்து உட்கார்ந்தது.

முதலில் செய்த இடத்துக்கே போன் செய்தேன். டாக்டரிடம் பேச முடியவில்லை. எடுத்த பெண், ஐந்து நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை பெயர் ஒன்றைச் சொல்லி, "சரியாயிடும்" என்று வைத்துவிட்டார். மாத்திரை சாப்பிட்டேன், கொப்புளம் அடங்கியது. மாத்திரை தீர்ந்த பின் திரும்பியது. சீழ் ஊறும் இடம் பல்லுக்குள்ளே இருக்கும்போது மாத்திரை அதை வேரோடு எடுக்காது, கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். இரவில் படுத்தால் அந்தப் பல் விண்விண்ணென்று தெறிக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலி உடனே நிற்காது, நிமிஷக்கணக்கில் நீடிக்கும். சொத்தை நரம்பு வரை போய்விட்டது, ரூட் கெனால் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அதில் அவர் ஏமாற்றவில்லை. அப்படி நீடிக்கும் வலிக்குப் பல்லின் உள்சதையை எடுப்பதோ பல்லையே பிடுங்குவதோதான் வழி என்று பிறகு நான் போய்ப் பார்த்த இரண்டாவது டாக்டரும் சொன்னார்.

"ஒரே சிட்டிங்ல முடிச்சிடலாம்" என்றார். சந்தோஷமாகத் தலையாட்டினேன். ஒரே அமர்வில் முடிப்பதும் தப்பில்லை, பல்லின் நிலையைப் பொறுத்து நல்ல மருத்துவர்களும் செய்கிறார்கள். ஆனால் என்னை நாற்காலியில் சாய்த்ததிலிருந்து எழுப்பியது வரை முப்பது நிமிஷம்கூட ஆகவில்லை. ஊசி மரத்துப்போகக் காத்திருந்த நேரமும் அதில் சேர்த்தி.

நடுவில் தொண்டைக்குள் ஏதோ இறங்கியது. துணி வெளுக்கும் மருந்தின் நெடி. இருமினேன். "கொஞ்சம் கசக்கும், துப்பிடுங்க" என்றார். அது சோடியம் ஹைப்போகுளோரைட். வேர்க் கால்வாயில் இருக்கும் கிருமியையும் செத்த சதையையும் கரைத்துக் கழுவ உலகம் முழுக்கப் பயன்படுத்தும் திரவம்தான், மருந்தில் குறை இல்லை. அது வாய்க்குள் வழியாமல் தடுக்க ரப்பர் டேம் என்று ஒரு மெல்லிய ரப்பர் திரை உண்டு. செய்ய வேண்டிய பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மூடிவிடும். எச்சிலில் உள்ள கிருமி பல்லுக்குள் போகாது, கை தவறி விழும் சின்ன ஊசி தொண்டைக்குள்ளும் போகாது. எனக்கு அதைப் போடவே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்று தெரியாது.

இன்னொன்றும் நடந்தது. வேலை பாதியில் டாக்டரின் கை சட்டென்று நின்றது. உதவிக்கு நின்ற பெண்ணிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். வேறு கருவி வந்தது. வாயைத் திறந்தபடியே "என்ன?" என்று முனகினேன். "ஒண்ணுமில்ல, உங்க வேர் கொஞ்சம் வளைஞ்சிருக்கு." அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முடிந்ததும், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "எதுக்கு வீணா ரேடியேஷன்?" என்றார். அக்கறையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாலே நாளில் வலி போய்விட்டது. அடுத்த வாரம் கேப் போட்டு, முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். தெரிந்தவர்கள் இரண்டு பேருக்கு அவரைச் சிபாரிசு வேறு செய்தேன். அவர்களிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரூட் கெனாலில் பல்லுக்குள் இருக்கும் நரம்பையே எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பல்லுக்குச் சூடும் தெரியாது, குளிர்ச்சியும் தெரியாது. உள்ளே வேலை அரைகுறையாக இருந்தாலும் பழைய வலி வராது. வேரைச் சுற்றியுள்ள சவ்வும் எலும்பும் கெட்டு, கடிக்கும்போது வலித்தாலோ வீங்கினாலோதான் தெரியும். அதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். ஆக, வலி போனதை வைத்து வேலை சரியாக முடிந்தது என்று சொல்லவே முடியாது. எக்ஸ்ரேதான் சொல்லும். எனக்கு வேண்டாம் என்று சொல்லப்பட்டதும் அதுதான்.

இரண்டாவதாகப் போனவர் வேர் சிகிச்சைக்கென்றே மேற்படிப்புப் படித்தவர். பல்லைத் தட்டிப் பார்த்தார், ஈறை அழுத்திப் பார்த்தார். பிறகு மெல்லிய ரப்பர் குச்சி ஒன்றைக் கொப்புளத்தின் ஓட்டை வழியாக நுழைத்து அப்படியே எக்ஸ்ரே எடுத்தார். வலிக்குமோ என்று பயந்தேன், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சீழ் எங்கிருந்து வழிகிறதோ அதன் மூலத்தை அந்தக் குச்சி காட்டிக்கொடுத்துவிடும். படத்தில் குச்சி நேராக என் கேப் போட்ட பல்லின் வேர் நுனியில் போய் நின்றது. அங்கே எலும்பு கரைந்து கறுப்பு நிழல்.

திரையை என் பக்கம் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டினார். சுத்தம் செய்த கால்வாயை நிரப்பும் அடைப்பு வேர் நுனிக்குச் சுமார் 2 மில்லிமீட்டருக்குள் போய் நிற்க வேண்டுமாம். ஒரு வேரில் அது பாதி வழியிலேயே நின்றிருந்தது. அதற்கு அப்பால், அடைப்பைவிட வெள்ளையாக, கூர்மையாக ஒரு சின்னக் கோடு. "இது உடைஞ்ச ஃபைல்." வேரைச் சுரண்டும் ஊசியின் நுனி. என் வேர் வளைந்திருக்கிறது என்று முதல் டாக்டர் சொன்னாரே, அன்று உடைந்தது இது!

ஃபைல் உடைவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. வளைந்த வேருக்குள் முடி போன்ற உலோகம் சுழலும்போது தேர்ந்த கையிலும் உடையும். சில நேரம் அந்தத் துண்டை எடுத்துவிடலாம், சில நேரம் அதைச் சுற்றிக்கொண்டு போகலாம், சில நேரம் அப்படியே விட்டுக் கண்காணிக்கலாம். ஆனால் உடைந்ததை நோயாளியிடம் சொல்லியே ஆக வேண்டும். எனக்குச் சொல்லியிருந்தால் அன்றே வேறு ஒருவரிடம் போயிருப்பேன். சொல்லாமல் மேலே கேப்பை ஒட்டி மூடி, பணமும் வாங்கியதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

இன்னொரு கால்வாயையும் தொடவே இல்லை. மேல் வரிசை முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர். ஆனால் கன்னத்துப் பக்கம் உள்ள முன்வேரில் இரண்டாவதாக ஒரு மெல்லிய கால்வாய் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்குமாம். தேடினால்தான் கிடைக்கும். முப்பது நிமிஷத்தில் யார் தேடுவது?

மறுசிகிச்சை இரண்டு தடவையாக நடந்தது, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். கேப்பைத் துளைத்து, பழைய அடைப்பைக் கரைத்தெடுத்து, நுண்ணோக்கி வைத்து அந்த நாலாவது கால்வாயைக் கண்டுபிடித்தார்கள். ரப்பர் டேம் போட்டிருந்ததால் ஒரு சொட்டுகூடத் தொண்டையில் இறங்கவில்லை. உடைந்த துண்டை எடுக்க முடியவில்லை, பக்கவாட்டில் வழி கண்டு தாண்டிப் போனார். நடுவில் இரண்டு வாரம் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து மூடினார்கள். முதல் தடவைக்குப் பிறகு மூன்று நாள் கடிக்கும்போது வலித்தது. அது வழக்கமானதுதான், சாதாரண வலி மாத்திரையில் அடங்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. வலி நாளுக்கு நாள் கூடினாலோ, முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே கூப்பிடச் சொன்னார். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால் பல் மருத்துவருக்காகக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றார். முதல் இடத்தில் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

நீங்கள் போகும்போது பெரிதாக எதுவும் படித்துக்கொண்டு போக வேண்டாம். ரப்பர் டேம் போடுவீர்களா, இந்தப் பல்லில் எத்தனை கால்வாய் எதிர்பார்க்கிறீர்கள் என்று உட்காருவதற்கு முன்பே கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயின் பிரதி கையில் வராமல் கேப்புக்குச் சம்மதிக்காதீர்கள். ஒரு பல்லுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவு, அதைச் சாக்காகச் சொன்னால் நம்ப வேண்டாம். அதே நேரம் கேப்பை மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும், கடைவாய்ப்பல் கேப் இல்லாமல் பிளந்துவிடவும் வாய்ப்புண்டு.

என் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டு முதல் இடத்துக்குப் போனேன். இரண்டு தடவை அலையவிட்டுத்தான் கொடுத்தார்கள். "கால்வாய்கள் 3. சிக்கல் எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தது. டாக்டர் வெளியே வந்து, வேண்டுமானால் பணம் வாங்காமல் மறுபடி செய்து தருகிறேன் என்றார். புது எக்ஸ்ரேயை அவர் மேஜையில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது அப்போ தெரியல" என்றார். எப்படித் தெரியும், எடுக்கவே இல்லையே என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

கொப்புளம் இப்போது இல்லை. ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் கறுப்பு நிழல் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. இன்னொரு ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.