ஃபர் நூலில் கேப் பின்னப் போய் 4,940 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், என் வழக்கம் அது. இந்த நூலை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

தங்கை மகள் டொராண்டோவில் படிக்கிறாள். டிசம்பரில் அவள் தோழிக்குக் கல்யாணம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அதன்மேல் அந்த ஊர்த் தடி ஜாக்கெட்டைப் போட்டால் நன்றாகவா இருக்கும்? "பெரியம்மா, தோளை மூடற மாதிரி ஃபர் வெச்ச கேப் ஒண்ணு பின்னித் தாங்க" என்றாள். இருபது வருடமாகப் பின்னுகிறேன், ஸ்வெட்டர், குல்லா எல்லாம் ஆயிற்று, ரோமம் மாதிரி இழை நீட்டிக்கொண்டிருக்கும் இந்த ஃபர் நூலை மட்டும் தொட்டதில்லை. கோவையில் நான் வழக்கமாக வாங்கும் கடைகளில் சாதா உல்லன்தான் இருந்தது. அதனால் படம் போடுகிற ஆப் ஒன்றில் பக்கம் வைத்து நூல் விற்கும் ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

உருண்டை 590 ரூபாய். நூறு கிராம், 35 மீட்டர், முப்பது சதவீதம் கம்பளி கலந்தது என்று போட்டிருந்தது. எட்டு உருண்டைக்கு 4,720, கூரியர் 220, ஆக மொத்தம் 4,940. எட்டும் ஒரே டை லாட்டாக, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதாக இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். "நானே கையால எடுத்து வெக்கறேங்க்கா, யாருக்கு பின்றீங்க?" என்றாள். நானும் கதையெல்லாம் சொன்னேன். "அய்யோ, பாப்பா போட்டுட்டு நிக்கற போட்டோ எனக்கு அனுப்பணும், மறக்கக் கூடாது" என்றாள். அங்கேதான் விழுந்தேன். நூல் விற்கிறவள் எவள் பாப்பாவின் போட்டோ கேட்பாள்! அடுத்த நிமிடமே, "ஆப் வழியா போட்டா கமிஷன் புடிக்கறாங்கக்கா, நேரா ஜிபே பண்ணிடுங்க" என்று நம்பர் வந்தது. பண்ணிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பார்சல் வந்தது. நான்கில் லேபிள் இருந்தது, நான்கில் இல்லை. அப்போதே முழித்திருக்க வேண்டும். நாள் குறைவு என்று அன்று இரவே எட்டு எம்எம் ஊசியில் 120 கண்ணி போட்டு ஆரம்பித்தேன். கீழ் விளிம்பில் தொடங்கி, குறைத்துக்கொண்டே கழுத்துக்குப் போகிற கேப். ஃபர் நூலில் கண்ணி கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவித்தான் எண்ண வேண்டும், இருபது கண்ணிக்கு ஒரு மார்க்கர், எண்ணிக்கை தப்பாமல் இருக்க ஊசியில் மாட்டுகிற வளையம், போட்டுக்கொண்டேன். இரவு இரவாக டியூப் லைட்டில் ஐந்து உருண்டை முடித்தேன். மயிர் கொட்டியது சும்மா இல்லை, சோபா, நைட்டி, இட்லி மாவில்கூட.

ஞாயிறு காலை பால்கனியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கீழே வெள்ளிச் சாம்பல் நிறம், மேலே நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். நடுவே கோடு போட்ட மாதிரி. மீதி மூன்று உருண்டையைச் சமையல் தராசில் வைத்தேன்: 81, 84, 79 கிராம். ஒரு துண்டைக் கொளுத்தியும் பார்த்தேன். கம்பளி இருந்தால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் உதிரும். இது உருகி ஒழுகிக் கறுப்பு மணியாக இறுகியது. முழுக்க பாலியெஸ்டரோ என்னவோ, கம்பளி வாசனையே கிடையாது.

பிரித்துவிடலாமே என்பீர்கள். சாதா உல்லன் என்றால் பிரித்துவிடலாம். இதில் ஒவ்வொரு இழையின் ரோமமும் பக்கத்து இழையைப் பிடித்துக்கொள்கிறது, இரண்டு வரிசை பிரிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று, மூன்றாவதில் உள்நூலே அறுந்தது. நிறம் போனால் போகிறது, முடித்தாவது கொடுப்போம் என்று மேலே பின்னினேன். தோள் வரை வந்ததும் நூல் தீர்ந்துவிட்டது. கழுத்துக்கு இன்னும் பதினான்கு வரிசை இருக்கிறது.

போட்டோவோடு எழுதினேன். "லைட்டிங்கா இருக்கும்க்கா." எடையைக் கேட்டால், "கூரியர்ல வர்றப்ப காஞ்சிருக்கும்." உப்புக்கருவாடா காய்வதற்கு? சரி, பணத்தைத் திருப்பிக் கொடு என்றேன். "பின்னிட்டீங்களேக்கா, யூஸ் பண்ணினதை நாங்க எப்படி எடுத்துக்கறது?" பின்னாமல் எப்படித் தெரியும்! அப்புறம் ஓனர் ஊரில் இல்லை என்றாள். அதுவரை அவளேதான் ஓனர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் கமென்ட் போட்டேன், அரை மணியில் காணோம், நானும் பிளாக். ஆப்பில் புகார் செய்தால் பணம் வெளியே கொடுத்ததால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பதில். பேங்கில் நீங்களே அனுப்பிய பணம்தானே என்கிறார்கள். வீட்டுக்காரர், "அஞ்சாயிரத்துக்கு இவ்வளவு புலம்பலா?" என்கிறார். அஞ்சாயிரம் இல்லை, 4,940. அந்த அறுபது ரூபாயைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை வரவில்லை. ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள், அப்போதே தராசில் வையுங்கள். லேபிளில் எடை, விலை, தயாரித்தவர் விலாசம், லாட் நம்பர் இல்லாவிட்டால் ஊசியைத் தொடாதீர்கள். எல்லா உருண்டையையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், நம்பர் கொடுத்தார்கள், பார்ப்போம்.

கேப்பை எடுத்துப் போகிற பையன் வியாழக்கிழமை கிளம்புகிறான். பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.