10×100 மி.மீ. லேக் ஸ்க்ரூ: ஊஞ்சல் சட்டத்துக்கும் பெஞ்சுக்கும் சரியா?

லேக் ஸ்க்ரூ என்பது மரத்தில் முறுக்கும் தடித்த திருகு; ஹார்டுவேர் கடைகளில் ‘கோச் ஸ்க்ரூ’ என்று கேட்டாலும் இதுதான் கிடைக்கும். அறுகோணத் தலை, 17 மி.மீ. ஸ்பேனர். அடிப்பகுதியில் சுமார் 60 மி.மீ. மரை, மேலே 40 மி.மீ. வழவழப்பான தண்டு. ஊஞ்சல் சட்டத்திலோ பெஞ்சிலோ 38 மி.மீ. பலகையைத் தூணோடு பிணைக்க இந்த அளவு அருமையாகப் பொருந்துகிறது: தண்டு பலகைக்குள் நிற்க, மரை முழுவதும் தூணைப் பிடிக்கிறது.

இதன் வெற்றி தோல்வி துளையில்தான். பலகையில் 10 மி.மீ. துளை, தூணில் தேக்குக்கு 7, பைனுக்கு 6 மி.மீ. துளை, நுனி போகும் ஆழம் வரை. பலகையிலும் சின்னத் துளையே போட்டால் மரை அதையும் கவ்வி, இரண்டுக்கும் நடுவே இடைவெளி அப்படியே நின்றுவிடும். பலரும் செய்யும் தவறு இது. துளையே இல்லாமல் முறுக்கினால் மரம் பிளக்கும், இல்லையேல் தலை முறிந்து கையோடு வரும். மரத்தின் முனையிலிருந்து 70 மி.மீ. தள்ளியே போடுங்கள்.

மரையில் மெழுகு தடவுங்கள், வாஷரை மறக்காதீர்கள். வாஷர் மரத்தில் லேசாக அழுந்தியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இம்பாக்ட் டிரைவரால் (தட்டித் தட்டி முறுக்கும் மின்கருவி) முறுக்கினால் உள்ளே மர நார் அரைபட்டுப் பிடியே போய்விடும்.

மழைபடும் இடத்துக்குப் பளபளக்கும் ஜிங்க் பூச்சு போதாது. சூடான துத்தநாகத்தில் தோய்த்தது அல்லது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். கடின மரத்தில் ஸ்டெயின்லெஸ் எளிதில் முறியும் என்பதால், அதே அளவு சாதா இரும்பு லேக் ஸ்க்ரூவை முதலில் ஏற்றி மரைத்தடம் போட்டுக் கழற்றிவிட்டு, பிறகு இதை ஏற்றுவது நல்லது.