குதிரை பழகும் மகளுக்கு வாங்கியவை: எது உழைத்தது, எது மூலையில் கிடக்கிறது

மட்டக்களப்பில் பிள்ளைக்குக் குதிரை ஓடப் பழக்குகிறோம் என்றால் இன்னும் ஆட்கள் சிரிக்கிறார்கள். "அதுக்கு நெடுந்தீவுக்கா போறீங்க?" என்று, காட்டுக் குதிரைகள் திரியும் தீவைச் சொல்லிக் கேட்டவரும் உண்டு. கல்லடிப் பக்கம் குதிரை வளர்க்கும் ஓர் அண்ணனிடம் மகள் 6 வயதில் தொடங்கினாள். இப்போது எட்டாகப் போகிறது. இந்த எண்ணம் உள்ள பெற்றோருக்காக, அவளுக்கு வாங்கியவை எப்படி உழைத்தன என்று சொல்கிறேன்.

முதலில் கழுத்துப் பட்டி. குதிரையின் கழுத்தைச் சுற்றிக் கட்டும் சாதாரணத் தோல் வார். சப்பாத்து தைப்பவரிடமே செய்விக்கலாம். வாங்கியதில் மலிவானதும் இதுதான், மகள் முன்னேறப் பெரிய காரணமும் இதுதான். பயந்தால் பிள்ளை கையில் இருப்பதைத்தான் பிடித்து இழுக்கும். அது கடிவாள வாராக இருந்தால் இழுப்பு நேரே குதிரையின் வாயில் விழும். குதிரை தலையை உதறும், பிள்ளை இன்னும் பயப்படும். அதனால் அண்ணன் பல மாதம் வாரையே கொடுக்கவில்லை. அவர் நீளக் கயிற்றோடு நடுவில் நிற்பார், குதிரை 20 மீற்றர் அகல வட்டத்தில் சுற்றும், மகள் பட்டிக்குள் இரண்டு விரலைக் கொளுவிக்கொண்டு இருப்பாள். "குதிக்கால் கீழ, கண் தூர, மூச்ச விடுங்க மகள்." பாடம் அவ்வளவுதான். வார் எப்போது என்று கேட்டால், "அவ பட்டிய மறக்கட்டும்" என்பார். துள்ளோட்டத்தின் (நடைக்கு அடுத்த வேகம்) தாளத்துக்கு எழும்பி இருக்கப் பழகிய பிறகு ஒரு காலை கவனித்தேன், இரண்டு கையும் இடுப்பில் இருந்தன. அடுத்த கிழமை வார் கைக்கு வந்தது.

காசைக் கொட்ட வேண்டியது தலைக்கவசத்துக்குத்தான். சைக்கிள் கவசம் போதாதா? போதாது. அது பின்மண்டையை இந்த அளவு மூடாது. குளம்பு போன்ற விளிம்பில் மோதுவதற்கான சோதனையும் அதற்கு இல்லை. உள்ளே ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 (குதிரை ஓட்டத் தலைக்கவசத்துக்கான தரக் குறி) என்று இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் திருகி இறுக்கும் வகை வாங்கினோம், தலை வளர வளர இடம் கொடுத்தது. ஆனால் எங்கள் வெக்கைக்கு உள்துணி நாறிப்போகும். கழற்றித் துவைக்க முடிந்ததையே எடுங்கள். பலமாக ஒருமுறை அடிபட்ட கவசம் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் பயன்படாது. ஆகவே இதில் மட்டும் பழையது வேண்டாம்.

விலை கூடிய பூட்ஸ், கால் வளரும் வேகத்துக்கு வீண். கணுக்காலை மூடி, சிறு குதி உள்ள சப்பாத்து போதும். தட்டையான ஸ்போட்ஸ் சப்பாத்து, கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் வழுக்கிப் போகும். விழும்போது கால் மாட்டினால் ஆபத்து.

தோல் சேணம் பார்க்க அழகுதான். மாரியில் ஒரு கிழமை துடைக்காமல் விட்டால் பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கும். செயற்கைச் சேணத்தை நனைத்துத் துடைத்தால் சரி. அங்கவடி துருப்பிடிக்காத உருக்கில் இருக்கட்டும். கடற்காற்று மற்ற இரும்பைத் தின்றுவிடும்.

கையுறையும் சிறு சாட்டையும் மூலையில் கிடக்கின்றன.

நேரமும் முக்கியம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் விடியவே முடித்துவிடுவோம். காற்று எழும்பினால் ஒரு சொப்பிங் பை பறந்தாலே குதிரை மிரளும். காய்ந்த மணலில் அதன் கால் புதைந்து தசைநார் களைக்கும் என்று கடல் ஓரத்து ஈரமணலில்தான் அண்ணன் நடத்துகிறார்.

அண்ணன் பிடிக்கும் நீளக் கயிறு இன்னும் கழலவில்லை. அதற்கு அவசரமும் இல்லை.