பதினோரு ஹிட் பாயிண்டுகளுடன் ஒரு பரிசல்காரர்: இரண்டு ஆண்டு அனுபவம்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகில், நண்பர் வீட்டு மாடியில், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடித் தமிழிலேயே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் ஐவரில் நானும் ஒருவன். கற்பனைப் பாத்திரங்களை ஏற்று, பேச்சாலும் பகடைகளாலும் கதையை நகர்த்தும் ஆட்டம் இது. 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைப் பின்பற்றுகிறோம். இரண்டு ஆண்டுகளாக நான் ஆடிவருவது பொன்னன் என்னும் பரிசல்காரரை.

அதற்கு முன் நான் உருவாக்கியவர்கள் எல்லாரும் நாடிழந்த இளவரசர்களாகவோ சாபம் சுமந்த மந்திரவாதிகளாகவோ இருந்தார்கள். அவர்களுடைய பெரிய கதை ஆட்டம் தொடங்கும் முன்பே தாளில் எழுதி முடிக்கப்பட்டிருந்ததால், மேசையில் அவர்களுக்கு நிகழ்வதற்கு மிச்சம் எதுவும் இருக்கவில்லை. பொன்னனுக்கு நான் எழுதிய முன்கதை இரண்டே வரிகள்: ஆற்றில் பரிசல் ஓட்டுகிறார், துறையில் கூலி குறைந்துவிட்டது.

ஆளை முதலில் கற்பனை செய்யாமல், வலிமை, விவேகம் போன்ற திறன்களுக்கான எண்களை முதலில் உருட்டியது எனக்குப் பெரிதும் உதவியது. நான்கு பகடைகளை உருட்டி மிகக் குறைந்ததை நீக்குவது வழக்கமான முறை. அதன் சராசரி 12-க்குச் சற்று மேல். டி.எம். ஆக ஆட்டத்தை நடத்தும் அண்ணனின் ஒப்புதலோடு நான் மூன்று பகடைகளை மட்டும் உருட்டி, விழுந்ததை விழுந்த வரிசையிலேயே எழுதினேன். இதில் சராசரி 10.5 மட்டுமே. மனித இனத்துக்குரிய கூடுதல் 1-ஐயும் சேர்த்தபோது வலிமை 14, விவேகம் 15, வசீகரம் 9 என வந்தன. அவருடைய வகுப்பான ஃபைட்டருக்கு, அதாவது ஆயுதமேந்திய போர்வீரருக்கு, விவேகம் அவ்வளவாகப் பயன்படாது என்றாலும், நீரோட்டத்தைப் பார்த்தே சுழியை அறிபவர், அதிகம் பேசாதவர் என்ற மனிதர் அந்த எண்களிலிருந்துதான் எழுந்து வந்தார்.

முதல் லெவலில் அவருக்கு 11 ஹிட் பாயிண்டுகள், அதாவது அடிபடும்போது குறையும் உயிர்ப் புள்ளிகள். கோப்ளின் என்னும் குட்டி அரக்கனின் ஓர் அடி 8 வரை பறிக்கும் என்பதால், இரண்டு நல்ல அடிகளில் அவர் சாய்ந்துவிடுவார். அந்த அச்சமே என்னைக் கவனமாக ஆட வைத்தது. அவருக்கு நான் தேர்ந்த மாலுமிப் பின்னணியோடு கிடைத்த ஐம்பது அடிப் பட்டுக் கயிறு வாளைவிட அதிகம் உழைத்தது: உடைந்த பாலத்தைக் கடந்தோம், கிணற்றில் விழுந்த சிறுவனைத் தூக்கினோம், ஒரு முறை காவலர்களின் கதவை வெளியிலிருந்து கட்டிவிட்டு வாள் உருவாமலேயே வெளியேறினோம். ஒரு குகையில் அவர் வீழ்ந்து, மூன்று வெற்றிகள் முதலில் சேர்ந்தால் பிழைப்பு, மூன்று தோல்விகள் சேர்ந்தால் சாவு என்னும் மரணத் தடுப்புப் பகடையில் இரண்டு தோல்விகளும் இரண்டு வெற்றிகளும் ஆகியிருந்த நிலையில், கடைசி வீச்சில் வெற்றிக்குத் தேவையான 10 சரியாக விழுந்து பிழைத்தார். அன்று மேசையில் இருந்த அமைதியை என் இளவரசர்கள் எவரும் எனக்குத் தந்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொடக்க மாதங்கள் பொறுமையைச் சோதிக்கும். இருபது முகத் தாக்குதல் பகடையில் விழும் எண்ணோடு அவருக்குக் கூடுவது 4. கோப்ளினின் கவச எண், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 15. ஆகவே பாதி வீச்சுகள் வீணாகும். நான்கு பேர் பளபளப்பான வீரர்களை ஆடும் குழுவில் இவரைத் தனியாகக் கொண்டுவந்தால் ஓரத்தில் நிற்க நேரிடும் என்பதால், ஆட்டத்துக்கு முன்பே குழுவோடு பேசிவிடுவது நல்லது. “இவருக்குச் சண்டையில வேலை குறைவு தம்பி, ஆத்தங்கரையில நெறைய வேலை வைக்கிறேன்” என்று அண்ணன் சொல்லி, அப்படியே செய்தும் காட்டியதால்தான் எனக்கு இது கைகூடியது.

இப்போது பொன்னன் நான்காம் லெவலில் இருக்கிறார். 6,500 அனுபவப் புள்ளிகளில் ஐந்தாம் லெவல் வந்ததும் ஃபைட்டருக்கு ஒரே முறையில் இரண்டு தாக்குதல்கள் கிடைக்கும். குழுவின் மந்திரவாதி எட்டுப் பகடை நெருப்புக்கோளம் வீசுவார். கயிறும் தந்திரமும் தேவைப்படும் தருணங்கள் குறைந்துவிடும். அதனால் அந்தப் புள்ளிகள் சேரும் நாளில் அவரைத் துறைக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அவருடைய அக்கா மகள் அதே கயிற்றோடு முதல் லெவலில் தொடங்குவாள். மூன்று பகடைகளை எடுத்து வைத்துவிட்டேன்.